மாதவி கல்யாணத்தில் வேலை இல்லை

மலேசியாவில், கோலசிலாங்கூரில் மணப்பெண் அலங்காரம் செய்கிற மாலாவுக்கு முன்கோபம் அதிகம். அந்தத் தொழிலுக்கு அது ஆகாதுதான். ஆனாலும் பெண்ணைப் பெற்றவர்கள் அவளைத்தான் தேடி வந்தார்கள். திட்டிக்கொண்டே அலங்கரித்தாலும் பெண்ணை மகாலட்சுமியாக்கித்தான் அனுப்புவாள் என்று அவளுக்கு ஊரில் பெயர்.

அன்றைக்கு அவள் கோபம் உச்சிக்கு ஏறியது கைப்பேசியைப் பார்த்து. ராவாங்கில் நித்தியா என்று ஒருத்தி, இவளைவிட வயதில் சின்னவள், அதே தொழில். சில வருடங்களாக மாலாவின் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருப்பவள். அவள் இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டிருந்தாள். அவளுடைய நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சொகுசாகச் சாய்ந்திருந்தவள் மாதவி. "அடுத்த மாசம் என் மணப்பெண்" என்று கீழே எழுதி, பக்கத்தில் மூன்று இதயங்கள் வேறு.

மாதவி யாரோ எவளோ என்றால் பரவாயில்லை. கெடாவில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது மகளிர் விடுதியின் மூன்றாம் மாடியில் மாலா, மாதவி, திலகா, அன்னம்மா நால்வரும் ஒரே கூட்டு. எல்லாரும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்கள். 'மூன்றாம் மாடி' என்றே தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, ஒரு சட்டி மேகியைச் சுற்றி உட்கார்ந்து சத்தியமும் செய்தார்கள். யாருக்குக் கல்யாணம் ஆனாலும் மற்ற மூவரும் ஒரே நிறத்தில் சேலை கட்டி முதல் வரிசையில் உட்கார வேண்டும். மேகி ஆறுவதற்குள் செய்த சத்தியம்.

வாங்கிய பட்டங்கள் சுவரில் தொங்குகின்றன. கணக்கியல் படித்த மாலா கண்ணுக்கு மை தீட்டினாள். நிர்வாகம் படித்த திலகா லோரி வாங்கிக் கல்யாண மேடை போட்டாள். பாட்டி காலத்துப் பெயரைச் சுமந்துகொண்டு திரிந்த அன்னம்மா, சுங்கை ஆயர் தாவாரில் கேட்டரிங் வைத்துச் சட்டியும் கரண்டியுமாக ஆனாள். மாதவிக்குப் பத்தாங் காலியில் ரவிக்கை தைக்கும் கடை. மற்ற மூவருக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மாதவிக்கு மட்டும் முப்பத்தேழு வயதில் இப்போதுதான் பவனேஷ் என்கிற நல்ல மனிதர் வாய்த்திருக்கிறார்.

ஒரு போன் போட்டு "ஏண்டி இப்படி?" என்று கேட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். மாலா கேட்பாளா? அதே முகூர்த்தத்தில் வேறொரு பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வீம்புக்கு ஒப்புக்கொண்டாள். பிறகு மூன்றாம் மாடியின் வாட்சாப் குழுவில், "சாரிலா, அன்னிக்கு எனக்கு வேற புக்கிங் இருக்கு," என்று போட்டாள். போட்ட சூட்டோடு திலகா, "எனக்கும் அன்னிக்கு இடுப்பு வலி," என்றாள். அடுத்த மாதத்து இடுப்பு வலி இவளுக்கு இப்போதே எப்படித் தெரியும்? மாலாவுக்குச் சந்தேகம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு அன்னம்மா வீட்டுக்குப் போனாள். வாசலில் திலகாவின் லோரி நின்றது.

"உன்னையும் வேலைக்குக் கூப்புடலையா?" என்று உள்ளேயிருந்து இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டது.

மேடைக்குக் கிள்ளானிலிருந்து ஆள். சாப்பாட்டுக்கு வேறு எவனோ. தன்னை மட்டும் ஒதுக்கிவிட்டாள் என்று ஆளுக்கொரு மூலையில் அழுதுகொண்டிருந்தவர்களுக்கு, எல்லாரையும் ஒதுக்கியிருக்கிறாள் என்று தெரிந்ததும் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலில் ஆளுக்கு நாலு வடை சாப்பிட்டார்கள். சாப்பிட்ட தெம்பில் கோபம் திரும்பி வந்தது.

"வா, நேராவே போய்க் கேட்டுருவோம்," என்றாள் அன்னம்மா, கையைத் துடைத்துக்கொண்டே.

பத்தாங் காலி வரைக்கும் மாதவியைத் திட்டிக்கொண்டே போனார்கள். நடுவில் கழிவறைக்கு நிறுத்திய நேரம் மட்டும் அவள் பிழைத்தாள். கடையில் மாதவி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தாள். மூவரும் ஒரே மூச்சில் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்து, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"மாலா கல்யாணத்துல திலகா எங்க இருந்தா?" என்று கேட்டாள்.

"மணவறைக்குப் பின்னால. ஒயர் புடுங்கிக்கிச்சு," என்றாள் திலகா.

"திலகா கல்யாணத்துல அன்னம்மா?"

"சோறு பத்தலைன்னு..." அன்னம்மா இழுத்தாள்.

"அன்னம்மா கல்யாணத்துல மாலா, பொண்ணு மேடை ஏறுன கையோட அடுத்த பொண்ணுக்கு ஓடிட்டா. மூணு கல்யாணத்துலயும் மஞ்சச் சேலையக் கட்டிக்கிட்டு முதல் வரிசையில தனியா உக்காந்திருந்தது நான் ஒருத்திதான்லா. பாக்கிறவங்க மாப்பிள்ளையோட பழைய காதலின்னு நெனச்சிருப்பாங்க."

மாதவி கத்தரியை மேசைமேல் வைத்தாள். "அம்மா போய்ட்டாங்க. அப்பாவுக்கு ஒரே ஒரு தங்கச்சி, அவங்களும் படுத்த படுக்கை. பொண்ணு வீட்டுப் பக்கம் உக்கார எனக்கு யாரு இருக்கா? எனக்கு மேக்கப் போட ராவாங்ல ஆளு கெடைக்கும். நிமிந்து பாத்தா எனக்குன்னு மூணு முகம் தெரியணும், அது எங்கடி கெடைக்கும்?"

"நான் வேற புக்கிங் எடுத்துட்டேன்டி," என்றாள் மாலா மெதுவாக.

மாதவி திட்டவில்லை. "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். திட்டியிருக்கலாம் என்று வீடு வந்து சேரும்வரை மாலாவுக்கு இருந்தது.

முகூர்த்த நாளன்று மாலா விடிவதற்குள் செக்கிஞ்சான் பக்கம் அந்த இன்னொரு பெண்ணின் வீட்டில் இருந்தாள். ஒப்புக்கொண்ட வேலையை விட முடியாது, பெண் பாவம். ஒரு திட்டுகூடத் திட்டாமல், வாயைத் திறக்காமல் அலங்கரித்தாள். அந்த வீட்டார் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தார்கள். பெண்ணின் அம்மா, "ரெண்டாவது சேலைக்கும் இருந்துட்டுப் போங்கம்மா," என்று கையைப் பிடித்துக்கொண்டார். "போன வாரமே போன்ல சொன்னேன்லம்மா, மொத சேலை மட்டுந்தான். எங்க வீட்டுலயும் இன்னிக்குக் கல்யாணம்," என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டாள். அந்த வீட்டுக் குளியலறையிலேயே மஞ்சள் சேலைக்கு மாறி வண்டியில் ஏறினாள்.

வழியில் நெல் லோரி ஒன்று அவளுக்கு முன்னால் ஊர்வலம் போனது. அதைத் தாண்டும்வரை அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. காலையில் சேர்த்துவைத்தது முழுவதும் அந்த லோரிக்காரனுக்கே போய்ச் சேர்ந்தது.

புக்கிட் ரோத்தானைத் தாண்டித் தோட்டத்து மாரியம்மன் கோவில் மண்டபம். மாலா மூச்சிரைக்க நுழைந்தபோது ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். பெண் வீட்டுப் பக்கம், முதல் வரிசையில், இரண்டு மஞ்சள் சேலைக்கு நடுவில் ஒரு நாற்காலி. அதில் அன்னம்மாவின் கைப்பை உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து அன்னம்மாவிடம் கொடுத்துவிட்டு மாலா உட்கார்ந்தாள்.

"மணவறையப் பாருலா, ஒரு பக்கம் சாயுது. எழுந்து போய் நிமித்தட்டா?" என்றாள் திலகா.

"உக்காரு. நானே சாம்பார் வாசனையப் பொறுத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள் அன்னம்மா.

மாலா மேடையைப் பார்த்தாள். நித்தியாவின் கைவரிசையில் குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று பார்த்தாள். கழுத்தில் பவுடர் ஒரு பூச்சு அதிகம். புருவம் பரவாயில்லை. அந்த நேரத்தில் மாதவி தலையை நிமிர்த்தினாள். அவள் கண் முதல் வரிசைக்கு வந்து, திலகா, அன்னம்மா என்று போய், மாலாவிடம் வந்து நின்றது. மணப்பெண் என்கிற நினைப்பே இல்லாமல் பல் தெரியச் சிரித்தாள். அதற்குப் பிறகு மாலாவுக்கு எந்தக் குற்றமும் கண்ணில் படவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. மாலாவின் கை தானாக எதையோ தேடி மடியில் தடவியது. கெட்டிமேளம் கேட்டால் அவள் அலங்கார அறையில் பிரஷ்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்குவாள், இல்லையென்றால் அடுத்த கல்யாணத்துக்குக் காரில் பாதி தூரம் போயிருப்பாள். தன் கல்யாணத்திலோ குனிந்த தலை நிமிரவில்லை. இத்தனை பெண்களை அலங்கரித்து அனுப்பியவள், ஒரு தாலி கழுத்தில் ஏறுவதை இன்றைக்குத்தான் முழுதாகப் பார்க்கிறாள். அதுவும் மாதவியின் கழுத்தில். அட்சதையை எறிந்தாள், பாதி திலகாவின் கொண்டையில் விழுந்தது. பிறகு அடக்க முடியாமல், மேளத்தையும் மீறிக் கேட்கும்படி, ஓவென்று அழுதாள். மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள்.

அழுது ஓய்ந்தபோது எதிரே நித்தியா நின்றுகொண்டிருந்தாள், கையில் பஞ்சும் பவுடரும்.

"அக்கா, போட்டோ எடுக்க மேடைக்குக் கூப்புடறாங்க. உங்க மை எல்லாம் கன்னத்துக்கு வந்துருச்சு," என்றாள் தயங்கித் தயங்கி. "நான் கொஞ்சம் சரி பண்ணட்டுமா?"

திலகாவும் அன்னம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலா நித்தியாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"கண்ணுக்குக் கீழ ரொம்ப அப்பாத, எனக்குப் புடிக்காது," என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்தபடியே கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் காட்டினாள்.