போன் வைத்தால் இருட்டு

தாம்பரத்திலிருந்து சிறுசேரி ஒன்றும் அமெரிக்கா இல்லை. கேம்ப் ரோட்டில் வண்டியை எடுத்தால் மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அப்புறம் நேரே போக வேண்டியதுதான். ஆனால் என் மகன் எபி சொல்கிற காரணங்களைக் கேட்டால் அவன் கப்பலேறிப் போனவன் என்றுதான் நினைப்பீர்கள். மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்களாம். சனிக்கிழமை ஆபீஸில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸாம். ஞாயிற்றுக்கிழமை தூக்கமாம். ஈஸ்டருக்கு வந்துவிட்டுப் போனவன். இப்போது கடைகளில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிட்டது.

நான் ரத்தினபாய். சேலையூரில் கணக்கு டீச்சர் என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். வேலையிலிருந்து ரிடையர் ஆகிவிட்டேன், குரல் மட்டும் ரிடையர் ஆகவில்லை. தப்பாகக் கணக்குப் போட்டவனைக்கூட விட்டுவிடுவேன், பொய் சொன்னவனை முட்டி போட வைக்காமல் விட்டதில்லை. வீட்டுக்காரர் சாலமன் போன பிறகு இந்தக் குரலைக் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. காலையில் குக்கரைத் திட்டுகிறேன், மத்தியானம் டிவியைத் திட்டுகிறேன். இரண்டும் பதில் சொல்வதில்லை.

எங்கள் சபையின் மாதப் பத்திரிகையை நான்தான் டைப் அடித்துக் கொடுக்கிறேன். எபி காட்டாங்குளத்தூரில் காலேஜ் படித்தபோது நாங்கள் அவனுக்கு வாங்கிக் கொடுத்த பழைய லேப்டாப்பில்தான். கொஞ்ச நாளாக நான் ஒரு வரி அடித்துவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தால்தான் அது திரையில் தெரிந்தது. எபியிடம் புலம்பினேன்.

"மா, அதுல இருக்கிற விண்டோஸுக்கு சப்போர்ட்டே முடிஞ்சுபோச்சு. அதுக்குப் பதிலா லினக்ஸ் போட்டா பறக்கும். பென்டிரைவ்ல ரெடி பண்ணித் தரேன், நீயே இன்ஸ்டால் பண்ணிடலாம்" என்றான்.

தருகிறேன் என்றால் தானே கொண்டுவந்து தருவான் என்றுதானே அர்த்தம். வந்தது அவனுடைய ஆபீஸ் சிநேகிதன் உமேஷ். ராஜகீழ்ப்பாக்கத்துப் பையன். கேட்டுக்கு வெளியே வண்டியை ஆஃப்கூடப் பண்ணாமல் பென்டிரைவை நீட்டினான். "எபி போன் பண்ணுவான் ஆன்ட்டி" என்றான். உள்ளே வாப்பா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தெரு முனையைத் தாண்டிவிட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பென்டிரைவைச் சாக்கடையில் எறிந்திருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எபி கூப்பிட்டான். என் போனுக்குப் புத்தகம் மாதிரி திறந்து மூடுகிற கவர் போட்டிருக்கிறேன். அதற்குள் ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, சாலமனின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் இருக்கும். மூடினால் பட்டென்று ஒட்டிக்கொள்ளும். எபிக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"ஆன் பண்ண உடனே எஃப் டுவெல்வ் தட்டிக்கிட்டே இருமா."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தட்டினேன். ஒரு பட்டியல் வந்தது. அவன் சொன்னபடி பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்து இன்னொரு பட்டியல்.

"முதல் லைன்ல என்டர் அடிச்சுட்டு வெயிட் பண்ணு."

கழுத்து பிடித்துக்கொண்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு, லேப்டாப்பிலேயே கை வைத்துக்கொள்கிற இடத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்துப்போயிற்று.

"இப்ப என்னமா தெரியுது?"

"கரும்பலகை."

"ஒரு கோடாவது மின்னுதா பாரு."

"சாக்பீஸ் தூள்கூட இல்லடா."

சிரித்தான். என் பிள்ளை சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. பின்னால் கேன்டீன் சத்தம் கேட்டது. தட்டு இடிபடுகிற சத்தம், யாரோ சாம்பார் கேட்கிற சத்தம். "கிராபிக்ஸ் பிரச்சனையா இருக்கும். பவர் பட்டனை அழுத்திப் புடிச்சு ஆஃப் பண்ணிடு, நாளைக்கு வேற ஒண்ணு ட்ரை பண்ணலாம்" என்றான். ஆஃப் பண்ணிவிட்டுத்தான் போனை எடுத்தேன்.

மறுநாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டான். அந்த இரண்டாவது பட்டியலில் இங்கிலீஷ் 'இ' அழுத்தி, ஒரு வரியின் கடைசியில் நோமோட்செட் என்று அடிக்க வேண்டுமாம். போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் அடித்தேன்.

"என் ஃபார் நாகர்கோவிலா?"

"ஆமா. ஓ ஃபார் ஒரகடம். எம் ஃபார் மேடவாக்கம்."

"மேடவாக்கம் வழி இன்னும் ஞாபகம் இருக்கா உனக்கு" என்றேன். அவன் அடுத்த எழுத்துக்குப் போய்விட்டான். அடித்து முடித்துவிட்டுப் போனை லேப்டாப்பில் அதே இடத்தில் வைத்தேன். மறுபடியும் கும்மிருட்டு.

இப்படியே தினமும் நடந்தது. வழக்கமாக அவன் போன் பண்ணினால் சாப்டியா, மாத்திரை போட்டியா, சரி வெச்சிடறேன், அவ்வளவுதான். நான் தொண்டையைச் செருமுவதற்குள் வைத்துவிடுவான். இப்போது சாப்பாட்டு நேரம் முழுக்க என்னோடு இருந்தான். திரை எப்போது வரும் என்று காத்திருக்கும்போது நடுநடுவே, "மாடி ஜஹீரா ஆன்ட்டி எப்படி இருக்காங்க", "கேட் துரு எடுத்தியா" என்றெல்லாம் கேட்டான். அந்தக் கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடு எனக்கு ருசித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், லேப்டாப் சரி ஆகவே கூடாது என்றுகூட இருந்தது.

புதன்கிழமை அவனுக்கே அலுத்துவிட்டது. "மா, போன்ல இதுக்கு மேல முடியாது. சண்டே நானே வந்து பாக்கறேன்."

"வேலை இருந்தா வேணாம்டா" என்று வாய் சொன்னது. நெஞ்சு அதற்குள் கறிக்கடைக்குப் போய்விட்டது.

யாரோ கூப்பிட்டார்கள் போல, அவசரமாக வைத்துவிட்டான். லேப்டாப்பை ஆஃப் பண்ணச் சொல்லவில்லை. ஜஹீராவிடம் விஷயத்தைச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். திரை கொஞ்சம் தயங்கிவிட்டுப் பளிச்சென்று எரிந்தது.

வரிசையாக மொழிகளின் பெயர்கள் தெரிந்தன. அதில் தமிழும் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம் என்று போனைப் பழைய இடத்தில் வைத்தேன். இருட்டு. எடுத்தேன். வெளிச்சம். எனக்குள் இருந்த டீச்சர் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக் கூட்டை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. டம்ளரை வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. போனை உருவி எடுத்துவிட்டு வெறும் கவரை வைத்தேன். இருட்டு.

கவரின் மூடியில் இருக்கும் காந்தம். லேப்டாப் மூடியிலும் ஒரு காந்தம் உண்டு, மூடினால் திரை அணைவது அதனால்தான் என்று எபி காலேஜ் நாட்களில் சொன்னது ஞாபகம் வந்தது. என் கவரை வைத்ததும், யாரோ தன்னை மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு இந்த மெஷின் தூங்கிப்போயிருக்கிறது. ஆக, அவன் பேசினால் இருட்டு, பேச்சை முடித்தால் வெளிச்சம். இப்படி அநியாயம் பிடித்த மெஷினை நான் பார்த்ததில்லை.

உடனே சொல்ல வேண்டும் என்று அவன் பெயரைத் தேடி எடுத்துவிட்டேன். விரல் அங்கேயே நின்றது. சொன்னால், "சூப்பர்மா" என்பான். அதோடு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கவரைப் பட்டென்று மூடினேன்.

அன்றைக்கே நானே உட்கார்ந்து இன்ஸ்டால் பண்ணினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை, அது கேட்கக் கேட்க பதில் சொன்னால் போதும். உங்கள் பெயர் என்று கேட்டது. கை தானாக எபி என்று அடித்தது. அவன் மெஷின்தானே. நிஜமாகவே பறந்தது. அந்த மாதம் ஆயர் கொடுத்திருந்த கட்டுரை பொய் பேசாமையைப் பற்றி. ஒரு எழுத்து விடாமல் அடித்து முடித்தேன்.

"இன்னும் அப்படியேதானாமா?" என்று மறுநாள் எபி கேட்டான்.

"அப்படியேதான்" என்றேன். முட்டி தானாகவே வலித்தது.

சனிக்கிழமை காலையில் கூப்பிட்டான். குரலிலேயே தெரிந்துவிட்டது. "மா, நாளைக்கு ஆபீஸ்ல ஒரு மீட்டிங் கால் வந்துடுச்சு. உமேஷ் வீட்லதான் இருக்கான், அவனை இன்னிக்கே அனுப்பறேன். அஞ்சு நிமிஷ வேலை."

"உமேஷ் வந்தா கேட்டைத் திறக்க மாட்டேன்."

"ஏன்மா? அவன் என்னைவிட நல்லா பாப்பான்."

"ரிப்பேர் பாக்க ஆள் இல்லாமயா இருக்கேன்? தாம்பரம் ஸ்டேஷன் எதிர்ல இறங்கினா வரிசையா கடை. எனக்குக் கடைக்காரன் வேணாம், உமேஷும் வேணாம்." நானே வைத்துவிட்டேன். அன்று முழுக்க அவன் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. வாயைத் திறக்காமலேயே ஒரு நாள் போயிற்று. குக்கரைக்கூடத் திட்டவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கறிக்கடைக்குப் போனேன். வருவானோ மாட்டானோ, மட்டன் வாங்கிவிட்டேன். வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த ஜஹீரா பையைப் பார்த்துவிட்டு, "பையன் வரானா டீச்சர்?" என்றாள்.

"தெரியலமா" என்றேன். எனக்கு அழுகை வந்தது, உள்ளே போய்விட்டேன்.

குழம்பு கொதிக்கும்போது கேட்டில் வண்டிச் சத்தம். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வண்டியை ஆஃப் பண்ணுகிற சத்தம் கேட்டது.

எபிதான். இளைத்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான், தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றவில்லை. "அரை மணி நேரம்தான்மா. உமேஷ்கூட கால் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மேஜையில் உட்கார்ந்தான். நான் முன்ஜாக்கிரதையாக என் போனை லேப்டாப்பின் மேல் அதே இடத்தில் வைத்திருந்தேன். பவர் பட்டனை அழுத்தினான். ஏதோ வட்டம் சுற்றியது. அப்புறம் இருட்டு. "ம்ம்" என்றான்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. குழம்பைக் கிளறப் போகிறேன் என்று போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது, கீபோர்டில் கை வைக்க இடைஞ்சலாக இருந்த என் போனைக் கையில் எடுத்து வைத்திருந்தான். திரை எரிந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு வட்டம், அதற்குக் கீழே அவன் பெயர்.

இருட்டுத் திரையில் யாரும் பெயர் அடிக்க முடியாது. அது அவனுக்குத் தெரியும். போனைத் திரும்ப அதே இடத்தில் வைத்தான். அணைந்தது. எடுத்தான். அவன் பெயர் வந்தது. கவரைத் திருப்பிப் பார்த்தான். உள்ளே இருந்த அவன் அப்பாவின் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் கையில் கரண்டியோடு, வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றேன்.

"எப்ப கண்டுபுடிச்ச?"

"புதன்கிழமை."

"இன்ஸ்டாலும் நீயே பண்ணிட்டியா?"

"ம்."

"அப்புறம் எதுக்குமா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. அவன் கண் வீட்டைச் சுற்றிப் போயிற்று. பேப்பர் அடுக்கி வைத்திருக்கும் சாலமனின் நாற்காலி. சமையலறை மேடையில் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரே ஒரு தட்டு. அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் போன் அடித்தது. எடுத்தான். "சொல்றா உமேஷ்."

எழுந்து போகப் போகிறான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்க்காமல், என் போனை மெதுவாக லேப்டாப்பின் மேல் வைத்தான். திரை அணைந்தது.

"இல்லடா, இன்னும் ப்ளாங்க் ஸ்க்ரீன்தான். பெரிய ப்ராப்ளமா இருக்கு. இன்னிக்கு ஃபுல்லா ஆகும் போல. கால்ல நீயே பாத்துக்கோ." பேசிக்கொண்டே தோளிலிருந்து பையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

பொய் சொன்னவனை முட்டி போட வைக்காமல் விடாதவள் நான். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்துக் கழுவினேன்.