புத்தகத்திலிருந்து வந்த ஏஞ்சலின்

கொலையுண்டு ஆறு வருஷம் கழித்து, தன்னைப் பற்றிய புத்தகம் மூன்றாம் பதிப்பு கண்ட வாரத்தில், ஏஞ்சலின் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் இருக்கும் அந்தக் காலனிக்கு அன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. அதனால் பெண்கள் எல்லோரும் குடத்தோடு தெருவில்தான் நின்றிருந்தார்கள், எல்லோரும் பார்த்தார்கள். செத்தபோது பதினேழு வயது, வந்தபோதும் பதினேழுதான். வெள்ளைச் சுடிதார், பின்னலில் ஒரு முழம் மல்லிகை. வாசலில் நின்று, "அம்மா, நான் வந்துவிட்டேன்" என்றாள். உள்ளே கருவாடு கழுவிக்கொண்டிருந்த ஆரோக்கியமேரி கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தாள். பெற்ற மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரும்மா நீ?" என்று கேட்டாள்.

கேட்டதில் தப்பே இல்லை. முகம் அதே முகம், மோவாயில் மச்சம் அதே மச்சம். ஆனால் ஆரோக்கியமேரி பெற்ற ஏஞ்சலின் என்றால், தெருமுனையில் சைக்கிள் திரும்பும்போதே சத்தம் வீட்டுக்குள் வந்துவிடும். மாவு மில்லில் அவளுக்கு வரிசை கிடையாது, நிற்க வைத்தால் மில்காரனின் பரம்பரையையே இழுப்பாள். பிரியாணி என்றால் குண்டானோடு உட்காருவாள். ஜெரால்டும் அன்புசெல்வனும் அவளுடைய கூட்டாளிகள். மூன்று பேரும் மூன்று சைக்கிளில் ஏரிக்கு நண்டு பிடிக்கப் போவார்கள். அப்படிப் போன ஒரு சாயங்காலம், கரையில் குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் அவர்களை வழிமறித்தார்கள். மூன்று பேரில் ஒருவரும் வீடு திரும்பவில்லை. அந்த நாலு பேரும் ஜெயிலில் இருக்கிறார்கள். மற்றதையெல்லாம் புத்தகத்தின் பதினோராம் அத்தியாயம் சொல்லிவிட்டது, தேவைக்கு மேலேயே சொல்லிவிட்டது.

பிள்ளைகளைப் புதைத்து மண் காய்வதற்குள் டீக்கடையில் ஒரு கேள்வி கிளம்பிற்று: "வயசுப் பொண்ணுக்கு ரெண்டு பசங்களோட ஏரிக்கரைல இன்னா வேல?" டிவிக்காரர்கள் அதையே கொஞ்சம் இஸ்திரி போட்டுக் கேட்டார்கள். காலனிக்கு ரோஷம் வந்துவிட்டது. யாரும் கூடிப் பேசவில்லை, ஆனாலும் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு வந்தது. குனிந்த தலை நிமிராத பொண்ணு, இருக்கிற இடமே தெரியாது. வாரம் ஒருமுறை அவளோடு குழாயடியில் குடுமிப்பிடிச் சண்டை போட்ட பக்கத்து வீட்டு சின்னப்பொண்ணுகூட அதைத்தான் சொன்னாள். சென்னையிலிருந்து மோகன்ராஜ் என்ற எழுத்தாளர் ரெக்கார்டரோடு வந்து உட்கார்ந்தபோது ஆரோக்கியமேரி அதற்கும் ஒரு படி மேலே போனாள். "அதிர்ந்து ஒரு வார்த்த பேசாது சார். மல்லிப்பூன்னா உசுரு. பசங்கள ஜெபத்துக்குக் கூப்புடத்தான் சார் ஏரிக்குப் போச்சி" என்றாள். மல்லிப்பூ எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. மோகன்ராஜ் நல்ல மனுஷர், கேட்டதை நம்பினார், நம்பியதை எழுதினார், எழுதும்போது அழுதார்.

'ஏரிக்கரையில் மூன்று சைக்கிள்கள்' வெளிவந்ததும் ஜனங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடினார்கள். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை என்று ஒருவர் இன்டர்நெட்டில் எழுதினார், பக்கத்திலேயே புத்தகமும் ஃபில்டர் காபியும் இருக்கிற படத்தைப் போட்டிருந்தார். படிக்கவே முடியவில்லை என்ற ஒரு அம்மா, ஒரே மூச்சில் முடித்துவிட்டதாகவும் சொன்னார். ஒருத்தர் தூங்கிக்கொண்டிருந்த தன் மகளை எழுப்பிக் கட்டிக்கொண்டு அழுதார், பாவம், அந்தப் பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை. கொலை கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் விறுவிறுப்பு கூடியிருக்கும் என்று சொல்லி ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தவரும் உண்டு. இப்படி ஆயிரக்கணக்கான பேர் உருகி உருகி நினைத்ததில்தான் ஏஞ்சலின் எழுந்து வந்தாள் என்று காலனி ஒருமாதிரி முடிவுக்கு வந்தது. ஜெரால்டும் அன்புசெல்வனும் வரவில்லை. புத்தகத்தில் அவர்களுக்கு ஆளுக்கு ரெண்டு பக்கம்தான்.

கிராம நிர்வாக அலுவலர், இறப்புச் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்ள விதியில் இடமில்லை என்று கைவிரித்ததால் ரேஷன் கார்டில் பெயர் ஏறவில்லை. அதனால் நஷ்டமும் இல்லை, வந்தவள் எதையும் சாப்பிடவில்லை. புத்தகத்தில் அவள் சாப்பிடுவதாக எங்கேயும் வராது. பொழுது சாய்ந்தால் படியில் உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துக்கொள்வாள். "அந்திவானம் ஏன் இவ்வளவு சோகமாக இருக்கிறது, அம்மா?" என்பாள். "கம்பெனில இரும்ப உருக்கறான். பொக வருது. உள்ள வந்து படு" என்பாள் ஆரோக்கியமேரி. அவள் புருஷன் பாக்கியநாதனுக்கோ மகளைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. "இன்னா இப்போ? செத்த புள்ள வந்துச்சே, அது போதாதா? ஏன் பேஜாரு பண்ற?" என்று பெண்டாட்டியைத்தான் அதட்டினார்.

சென்னையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வாசகர்கள் வந்தார்கள். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் திலகவதி அம்மாள் அவர்களுக்குத் தலைவி. ஏஞ்சலினின் கையைப் பிடித்து அழுதார்கள், நாலாம் அத்தியாயத்தில் உட்கார்ந்த மாதிரி உட்காரச் சொல்லிப் படம் எடுத்தார்கள். போகும்போது ஆரோக்கியமேரியிடம், "நீங்க கொடுத்து வெச்சவங்க" என்றார்கள்.

கொடுத்து வைத்தவள் செய்யாத வித்தை இல்லை. மாட்டுக்கறி ஆக்கிப் பார்த்தாள், நண்டு வாங்கிவந்து ரசம் வைத்துப் பார்த்தாள். வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாள். ஒருநாள் மனசு பொறுக்காமல் ஓங்கி ஒரு அறை விட்டாள், திருப்பி ஒரு வார்த்தை கேட்டுவிட மாட்டாளா என்று. "என்னை மன்னித்துவிடுங்கள், அம்மா" என்றது அந்தப் பெண். அடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு ஆரோக்கியமேரி அன்றைக்கு அழுத அழுகையை எந்த வாசகரும் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய இடி பிறகு விழுந்தது. கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவள், தன் மகள் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். "மெல்லிய புன்னகை" என்றுதான் நினைப்பு வந்தது. கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள். உயிரைத்தான் எவனோ எடுத்தான், மிச்சமிருந்ததைத் தன் வாயாலேயே துடைத்துப் போட்டுவிட்டோம் என்று அவளுக்கு அப்போது உறைத்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் நினைக்கக்கூட மகள் இருக்கமாட்டாள்.

ஆறாம் பதிப்புக்குப் பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா எடுத்தார்கள். காலனி முழுக்க ரயிலேறிப் போயிற்று. மேடையில் அம்மாவையும் மகளையும் உட்கார வைத்து, நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார் திலகவதி அம்மாள். கைக்குட்டைகள் தயாராயின.

"எம்பொண்ணு வாயாடி" என்று ஆரம்பித்தாள் ஆரோக்கியமேரி. "அதுகிட்ட திட்டு வாங்காதவங்க எங்க காலனில ஒருத்தருமில்ல. பூ வச்சா தலவலின்னு பிச்சி எறிஞ்சிடும். நண்டு புடிக்கத்தான் ஏரிக்குப் போச்சி, ஜெபமும் இல்ல ஒண்ணும் இல்ல. நாந்தான் சார் பொய் சொன்னேன்."

பின்வரிசையிலிருந்து சின்னப்பொண்ணு எழுந்தாள். "என் மண்டைய சொம்பால ஒடச்சிதே, அதையும் சொல்லுக்கா!" என்று கத்தி, தழும்பையும் காட்டினாள். காலனிப் பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். அடக்கி வைத்ததெல்லாம் பீறிட்டுக் கிளம்பிற்று, ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மேடை ஓரத்தில் இருந்த மோகன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். திலகவதி அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்தப் பெண் இப்படின்னு தெரிஞ்சிருந்தா நாங்க இவ்வளவு அழுதிருக்கவே மாட்டோம். எங்களை ஏமாத்திட்டீங்க" என்றார்.

"இப்டிப்பட்ட பொண்ணுன்னா கொன்னா பரவால்லையா மேடம்?" என்று மைக்கிலேயே கேட்டாள் ஆரோக்கியமேரி.

திலகவதி அம்மாள் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது, மேடையில் இருந்த பெண் பலமுறை ஜெராக்ஸ் எடுத்த தாள் மாதிரி வெளுத்துக்கொண்டிருந்தாள். டீ வருவதற்குள் நாற்காலியில் மல்லிகைச் சரம் மட்டும் கிடந்தது.

ரயிலில் பாக்கியநாதன் பெண்டாட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "கெடச்சதையும் தொலைச்சிட்டியே" என்று ஒருமுறை சொன்னார். புத்தகத்தின் நட்சத்திரங்கள் ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கின. வாசகர்கள் வேறு மாவட்டத்தில் வேறு பிள்ளைகள் செத்த வேறு புத்தகத்துக்குப் போய்விட்டார்கள், அதில் அம்மா நல்ல மாதிரியாம். குழாயடியில் ஏஞ்சலின் கதைகள் ஓயவில்லை, ஆனால் மாசக்கணக்கில் வேறு ஒன்றும் நடக்கவில்லை. பெற்ற மகளை இரண்டாம் தடவையும் சாகக் கொடுத்துவிட்டோமோ என்று ஆரோக்கியமேரி தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனாலும் தட்டு கழுவும்போது நினைத்துப் பார்த்தால், சோடா பாட்டில் உடைந்த மாதிரி ஒரு சிரிப்பு கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டினாள்.

மழைக்காலத்துக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து பூட்டைத் திறந்தால், வீட்டுக்குள் வெயில் அடித்தது. கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒன்று சுக்குநூறாகக் கிடந்தது. அந்தத் தூளுக்கு நடுவே சம்மணம் போட்டு, குண்டானில் இருந்த பழைய சோற்றைக் கையால் வழித்துக்கொண்டிருந்தாள் ஏஞ்சலின்.

"பூட்டிக்கினு போனியே, சாவிய எங்க வச்ச? எவ்ளோ நேரந்தான் வெளில நிக்கறது? ஏறிக் குதிச்சதுல முட்டி பேந்துபோச்சி பாரு!"

ஆரோக்கியமேரி கூரையைப் பார்த்தாள், முட்டியைப் பார்த்தாள். கண்ணில் பொலபொலவென்று கொட்டிற்று, ஆனால் வாய் வேறு வேலை பார்த்தது. "அடி கழுத! ஷீட்டு எவ அப்பன் வாங்கித் தருவான்?"

"எங்கப்பன்தான்! வேற எவன்?"

சண்டை மத்தியானம் வரைக்கும் நடந்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. சின்னப்பொண்ணு சத்தம் பொறுக்காமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஜெரால்டின் அம்மா மட்டும் கொஞ்ச நேரம் வாசலில் நின்று கேட்டாள். பிறகு தெருவுக்கு வந்து, தன் பிள்ளை செய்த திருட்டுத்தனங்களை ஒன்றுவிடாமல் ஊருக்கே கேட்கச் சொல்ல ஆரம்பித்தாள். அடுத்த வாரம் பாக்கியநாதன் ஷீட்டை மாற்றினார். கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்த மகள், அவர் அடிக்கிற ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு குறை சொன்னாள்.