தொல்லை கொடுக்க வந்தவர்கள்

அஷ்டாவதானத்தில் என் வேலை தொல்லை கொடுப்பது. அவதானியைச் சுற்றி எட்டுக் கேள்வியாளர்கள் உட்காருவோம். ஒருவர் தலைப்பைக் கொடுத்து, அந்த இடத்திலேயே கட்டிய தெலுங்குப் பாட்டுக் கேட்பார். இன்னொருவர், அடுத்து இந்த எழுத்து வரக்கூடாது என்று எழுத்துக்கு எழுத்துத் தடை போடுவார். ஒருவர் நினைத்தபோது மணி அடிப்பார். மொத்தம் எத்தனை முறை என்று அவதானி கடைசியில் சொல்லவேண்டும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது நான் குறுக்கே புகுந்து, குடை கொண்டுவந்தீர்களா என்று சம்பந்தமில்லாமல் கேட்பேன். அதற்கும் சுடச்சுடப் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் பாட்டைப் பிடிக்கவேண்டும். நான் எதைக் கேட்டாலும் யாரும் தடுக்கக்கூடாது என்பது மரபு. நோர்பரியில் நாற்பது வருடம் பல் மருத்துவன் நான். ஜனங்களின் வாய் நிறையப் பஞ்சை வைத்துவிட்டுக் குசலம் விசாரித்தவன். இதைவிடப் பொருத்தமான பதவி எனக்கு இந்த வெள்ளைக்காரத் தேசத்தில் கிடையாது. அரண்மனையில் கூப்பிட்டாலும் போகமாட்டேன்.

சென்ற மாதம் சவுத்தாலில் ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் அவதானம் செய்தவள் பிரியம்வதா. மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். எங்கள் தெலுங்குச் சங்கத்து மேடையில் ஒரு பெண் ஏறுவது முதல் தடவை. வேலைக்குப் போகிற பெண் இதையெல்லாம் மனப்பாடம்தான் செய்துகொண்டு வருவாள் என்று வாட்ஸப்பில் ஏற்கெனவே புழுதி. சங்கச் செயலாளர் ஷங்கர் நல்லவன், ஆனால் பயந்தவன். நேரலையில் அவள் தடுமாறினால் சங்கத்தின் மானம் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்விடும் என்று நடுங்கி, எல்லாக் கேள்விகளையும் தானே எழுதி எங்கள் கையில் கொடுத்தான். எனக்கு வந்த கேள்வி: இட்லியா, தோசையா? என் வாழ்நாளில் இப்படி அவமானப்பட்டதில்லை.

மணி அடிக்க வந்தவர் என் பக்கத்து வீட்டுப் பாலேந்திரா. யாழ்ப்பாணத்துக்காரர், தெலுங்கில் ஒரு சொல் தெரியாது. தெரிந்தவன் ரசித்துக்கொண்டு மணியை மறப்பான் என்பதால்தான் அவரைப் பிடித்தேன். அவரிடம் ஷங்கர், சரியாக இருபத்தொரு முறை அடியுங்கள் என்று சொன்னான். பாலேந்திரா தலையாட்டினார்.

மேடைக்குப் பின்னால் பிரியம்வதா என்னிடம் கைபேசியை நீட்டினாள். எல்லாக் கேள்விகளும் மணிக் கணக்கும் அவளுக்கு முன்தினமே ஷங்கரிடமிருந்து மின்னஞ்சலில் வந்திருந்தன.

“திறக்கவே இல்லை ஜம்பு அங்கிள். ஆனா யாரு நம்புவாங்க? நல்லா செஞ்சா மனப்பாடம்பாங்க. சொதப்பினா பார்த்தியாம்பாங்க.”

எனக்குக் காது மடல் சிவந்து புகை வந்தது. கூடம் முழுவதும் பார்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவதானம் தொடங்கியது. எழுத்துக்குத் தடை போடுகிற ஹம்சா, ஷங்கரின் தாளைப் பார்த்துப் பார்த்துச் சோம்பலாகத் தடுத்துக்கொண்டிருந்தாள். தொழிலில் கணக்குத் தணிக்கையாளர், அடுத்தவர் கையெழுத்தைத் தடுப்பதற்கே பிறந்தவள், அவளே கொட்டாவி விட்டாள். நான் எழுந்தேன். தப்பாகக் கேட்டால் பிரியம்வதாவின் பெயர் என்னாலேயே கெடும். தெரிந்துதான் கேட்டேன்.

“டாக்டரம்மா, எங்க கையில கேள்வித்தாள் இருக்கு. உங்க கையில விடைத்தாள் இருக்காமே?”

ஷங்கர் ஒலிவாங்கியை நோக்கிப் பாய்ந்தான். முன்வரிசைப் பெரியவர்கள் அவனை உட்காரச் சொன்னார்கள். குறுக்கே பேசுகிறவனைத் தடுக்கலாமா? பிரியம்வதா ஒரு மூச்சு விட்டாள். பிறகு தெலுங்குச் செய்யுளாகவே பதில் சொன்னாள். அந்த அழகை எடுத்துவர என்னால் ஆகாது. சாரம் இதுதான்: வந்தது, திறக்கவில்லை, சந்தேகப்படுகிறவர்கள் கையிலுள்ள தாளைக் கிழித்துவிட்டுக் கேட்கட்டும், விழுந்தால் என் கால் தடுக்கியே விழுகிறேன். அடுத்த நொடி ஹம்சாவின் பாட்டை விட்ட எழுத்தில் பிடித்தாள்.

முதலில் கிழித்தவள் ஹம்சா. அதன்பின் அவள் போட்ட தடைகள் இருக்கின்றனவே, தெலுங்கில் பாதி எழுத்துகள் அன்றைக்கு வேலையில்லாமல் நின்றன. மற்றவர்களும் கிழித்தார்கள். நான் ஏழு இடத்தில் பாட்டை அறுத்தேன். ஏழு இடத்திலும் என் மூக்கை அறுத்து அனுப்பினாள். அவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதேயில்லை. நடுநடுவே பாலேந்திரா கொஞ்சமும் இரக்கமில்லாமல் மணி அடித்தார். அடிக்கும் ஒவ்வொரு முறையும் பையிலிருந்து ஒரு கச்சானை, அதாவது வேர்க்கடலையை, எவர்சில்வர் டம்ளரில் போட்டார். தின்றுவிடுவாரோ என்பதுதான் என் கவலை.

கடைசியில் மணிக் கணக்கைக் கேட்டார்கள்.

“பத்தொன்பது” என்றாள் பிரியம்வதா.

ஷங்கர் அதைக் காதில் வாங்கவே இல்லை. வியர்த்து வழிந்தபடி, முன்பே அச்சடித்து வைத்திருந்த நன்றியுரையைப் படித்தான்: மணி ஒலித்தது இருபத்தொரு முறை என்று துல்லியமாகச் சொன்ன நமது அவதானி...

பாலேந்திரா எழுந்து, டம்ளரை மேசையில் கவிழ்த்தார். கூடமே வாய்விட்டு எண்ணியது. பத்தொன்பது.

“நான் ஒண்டும் தின்னேல்லை” என்றார் அவர்.

மனப்பாடம் செய்தவள் இருபத்தொன்று என்றுதானே சொல்லியிருப்பாள்? இதை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. கைதட்டலில் கூரை ஓர் அங்குலம் மேலே போய் இறங்கியது. பள்ளிக்கூடக் காவலாளியே ஓடிவந்தார். பிரியம்வதா ஷங்கர் கையிலிருந்த நன்றியுரையை மெல்ல வாங்கி, நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“அடுத்த வருஷம் எனக்கு மெயில் வேண்டாம் சார். ஜம்பு அங்கிள் மட்டும் வந்தாப் போதும்.”

வாசலில் ஷங்கர் பாலேந்திராவைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு தெளிவாகச் சொன்னேனே, தலையாட்டினீர்களே என்று அழாத குறை.

“தம்பி, நீங்கள் சொன்னது எனக்குத் தெலுங்கு மாதிரிக் கேட்டுது” என்றார் பாலேந்திரா, முதல் கச்சானை உடைத்தபடி.