பின்னால் நீண்ட கை

புதுச் சட்டையின் முதுகை அவள் காலரிலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் கத்தரித்தாள். பள்ளிச் சீருடை தைத்துத் தைத்துப் பழகிய கை. கோடு போடாமலே நேராகப் போயிற்று. முதுகைப் பிளந்தால்தான் படுத்துக் கிடப்பவனுக்குச் சட்டை மாட்ட முடியும். வலது கை சமர்த்தாக உள்ளே போய்விட்டது. இடது கைதான் முரண்டு பிடித்தது. தோள்மூட்டு பின்பக்கமாகப் பிசகி வீங்கியிருந்தது.

"விடுங்க அண்ணி. மேல போர்வை போத்திடலாம்" என்றான் கொழுந்தன்.

"டெய்லர்காரி, புருஷனை அரைகுறையா அனுப்பிட்டாள்னு நாலு பேர் பேசவா? பிடிப்பா அந்தப் பக்கம்."

வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டம்மா வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, "அழுதுடும்மா, உள்ளயே வச்சுக்காதே" என்றாள். காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அழுகை என்ன, குழாய்த் தண்ணீரா, திறந்தவுடன் கொட்டுவதற்கு? அவள் பொத்தான்களைப் போட்டாள்.

கொழுந்தன் பைக் மெக்கானிக். நேற்று விபத்து நடந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவன் மண்டைக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்குப் புரியவே இல்லை அண்ணி. முன்னாடி போன வேன்காரன் சடார்னு நிறுத்தினான், சரி. அண்ணனுக்குத் தேவையான இடைவெளி இருந்திருக்கு. முன் பிரேக், பின் பிரேக் ரெண்டையும் ஒண்ணாத்தான் பிடிச்சிருக்கார், தடத்தைப் பார்த்தாலே தெரியுது. வண்டி நேரா வந்திருக்கு. கடைசியில மட்டும் ஹேண்டில் வெட்டித் திரும்பிக் கவுந்திருக்கு. ரெண்டு கையும் ஹேண்டில்ல இருந்தா அப்படித் திரும்பாது."

"ஏதாவது யோசனையில போயிருப்பார்."

"அந்த நேரத்துல யார் யோசிக்கிறா? கை எதுக்குப் பழகியிருக்கோ அதைச் செய்யும். அவ்வளவுதான்."

அவள் புருஷன் ஹெல்மெட் போட்டிருந்தான். தலையில் கீறல்கூட இல்லை. நடைபாதை விளிம்பில் நெஞ்சு மோதியதுதான் எமனாகிவிட்டது.

அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். சாலையோரம் ஸ்டூல் போட்டுப் பூட்டுக்குச் சாவி செய்துகொடுப்பவராம். விபத்து அவர் கண்ணெதிரேதான் நடந்ததாம். மடியிலிருந்து பைக் சாவியை எடுத்து நீட்டினார்.

"கூட்டத்துல எவனாவது வண்டியைத் தள்ளிட்டுப் போயிடப்போறான்னு நான்தான்மா இதை எடுத்து வச்சேன். போலீஸ்ல விலாசம் கேட்டு வந்தேன்." சற்றுத் தயங்கினார். "ஆமா, பின்னாடி உக்காந்து வந்தவங்க எப்படி இருக்காங்க? ரொம்ப அடியோ?"

பொத்தானில் இருந்த அவள் விரல் நின்றது.

"பின்னாடி யாரு?" என்றாள்.

"யாருன்னு தெரியாதும்மா, பின் சீட்டை வேன் மறைச்சுடுச்சு. ஆனா தம்பி பிரேக் பிடிச்சுக்கிட்டே இடது கையைப் பின்னாடி நீட்டினார் பாருங்க, பின்னாடி இருக்கிற ஆள் விழாம அணைச்சுப் பிடிக்கிற மாதிரி. அதை நல்லாப் பார்த்தேன். தான் விழுற நேரத்துலயும் அடுத்தவங்களைப் பிடிக்கணும்னு தோணுச்சே! எத்தனை பேருக்கு வரும் அந்த மனசு?"

பெரியவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் நாய் குறுக்கே ஓட, அவன் பிரேக் போட, ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த அவள் சறுக்கி நடுரோட்டில் விழுந்தாள். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. ஆனால் அன்றிலிருந்து எங்கே பிரேக் பிடித்தாலும் அவனுடைய இடது கை தன்னால் பின்னே வந்து அவள் தொடையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வண்டி நின்ற பிறகுதான் போகும். "ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்கணும்ணே" என்று தம்பிகாரன் கத்துவான். "அப்புறம் உங்க அண்ணி ரோட்டுல இருப்பா" என்று இவன் சிரிப்பான். அவளுக்குச் சொந்தமாக ஒரு கிராம் தங்கம் கிடையாது. அந்தக் கை இருந்தது.

அதையும் அந்த இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டானா?

இன்னொருத்தி என்றால், அவன் வேலை பார்த்த ஃபிரிட்ஜ் சர்வீஸ் கடையில் போனில் புகார் எடுக்கிற பெண். 'கம்ப்ளெயிண்ட்காரி' என்பது இவள் வைத்த பெயர். மழைக்கு முந்தி ஒரு நாள், பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்: சிக்னலில் அவன் வண்டி, பின் சீட்டில் அவள், மடியில் குடையும் பையும். அன்று ராத்திரி வீடு இரண்டுபட்டது. "வழியில இறக்கிவிட்டேன், அவ்வளவுதான்" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. "இனிமே உங்க வண்டியில நான் கால் வைக்கமாட்டேன்" என்றாள். வைக்கவும் இல்லை. தினமும் காலையில் வண்டியைக் கிளப்பிவிட்டு, "ஏறலையா?" என்பான். "அது ரிசர்வ் ஆன சீட்டு" என்று சொல்லிவிட்டு, தைத்த துணியைக் கடையில் கொடுக்க பஸ் ஸ்டாப்புக்கு நடப்பாள்.

செத்துப்போனவனை வைத்துப் பொறாமைப்படுவார்களா யாராவது? இவள் பட்டாள். கடைசியாக அந்தக் கை யாரைத் தொட்டது என்று தெரியாமல் இவனை இந்த வீட்டைவிட்டு அனுப்பமாட்டாள்.

"ஆம்புலன்ஸ்ல அண்ணன் மட்டும்தான் வந்தார் அண்ணி" என்றான் கொழுந்தன் மெல்ல.

"எழுந்து ஓடியிருப்பா. கிடக்கிறவனை அப்படியே போட்டுட்டு ஓடியிருப்பா."

"அண்ணி..."

"நீ சும்மா இரு. உங்க அண்ணனுக்கு வக்காலத்து வாங்கினது போதும்."

கொஞ்ச நேரத்தில் சர்வீஸ் கடைக்காரர்கள் மொத்தமாக வந்தார்கள். முதலாளி மாலை வைத்தார். எல்லோருக்கும் பின்னால் அந்தக் கம்ப்ளெயிண்ட்காரி நின்றாள். அழுது கண் இடுங்கியிருந்தது. இவள் அவளை மேலிருந்து கீழ்வரை அளந்தாள், அளவெடுக்கிற கண் அல்லவா. முழங்கையில் சிராய்ப்பு இல்லை. பாதத்தில் கட்டு இல்லை. நடையில் நொண்டல் இல்லை. அது இன்னும் ஆத்திரத்தைத்தான் கிளப்பியது. ஒரு கீறல்கூட விழாமல் அப்படிப் பிடித்தானாக்கும்!

"உள்ள வா" என்றாள்.

தையல் அறையில் வெட்டிப் போட்ட நீலத் துணி குவிந்து கிடந்தது. கதவைச் சாத்தினாள்.

"நேத்து நீ எங்க விழுந்தே?"

"என்னக்கா?"

"வண்டியில இருந்து. எந்தப் பக்கமா விழுந்தே? இல்லை, விழாம உன்னைப் பிடிச்சுக்கிட்டாரா?"

அந்தப் பெண் விழித்தாள். "நான் கடையிலதானே இருந்தேன். அவரை அனுப்பினதே நான்தான்கா. ஐஸே உருகுதுன்னு ஒரு வீட்டுல இருந்து போன், உடனே போங்கன்னேன். அப்புறம் அவங்க திரும்பத் திரும்பக் கூப்பிட்டு மெக்கானிக் இன்னும் வரலைன்னு கத்துறாங்க. நானும் எங்க போய்த் தொலைஞ்சார்னு..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன்னை ஏத்திக்கிட்டுப் போனதே இல்லையா? நான் என் கண்ணால பார்த்தேன்."

"போயிருக்கேன். இல்லைன்னு சொல்லலை. அந்த ஒரே வாரம், எங்க ரூட் பஸ் ஓடாதப்போ. அப்புறம் நீங்க சண்டை போட்டீங்கன்னு சொன்னார். அதோட சரி. நானும் பஸ்தான்."

"பிரேக் போட்டா என்ன பண்ணுவார்?"

"யாரு?"

"அவர்தான். நீ பின்னாடி இருக்கும்போது சடார்னு பிரேக் போட்டா, கை எங்க இருக்கும்?"

"ஹேண்டில்லதான். வேற எங்க இருக்கும்? ஏறும்போதே, பின்னாடி கம்பி இருக்கு, அதைப் பிடிச்சுக்கோங்கன்னு சொல்லிடுவார். ஒரு தடவை நின்ன வேகத்துல என் மூக்கு அவர் ஹெல்மெட்ல இடிச்சு ரத்தமே வந்துடுச்சு. திரும்பிக்கூடப் பார்க்கலை மனுஷன்." அவள் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "கொஞ்ச நாளா அந்த சீட்ல ஒரு சாமான்கூட வைக்கிறதில்லை. ஃபிரிட்ஜ் கேஸ் சிலிண்டர், டூல்ஸ் பை எல்லாம் தோள்லயே மாட்டிக்கிட்டுப் போவார். எதுக்கு இப்படிச் சுமக்கிறீங்க, பின்னாடி கட்டுங்கன்னா, அவ கோவம் எந்த நேரத்துல தீரும்னு சொல்ல முடியாது, சீட் காலியா இருக்கணும்பார். எங்களுக்குக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சு."

இவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். எதிரே நிற்கிறவளின் மூக்கைப் பார்த்து, இடி வாங்கினாயா, நன்றாக வேண்டும் என்று ஒரு குதூகலம். அந்தக் கை யாருக்கும் போகவில்லை. காலி சீட்டுக்குத்தான் போயிருக்கிறது. இவளைத் தேடித்தான் போயிருக்கிறது.

அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம் இருந்தது. இவள் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி கொண்டு வரவாக்கா?"

"வேண்டாம். நீ போய் உக்காரு. வெயில்ல நிக்காதே."

கூடத்துக்கு வந்தபோது கொழுந்தன் அண்ணனின் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கதவு மெல்லிய கதவு. அவன் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கும் எல்லாம் கேட்டிருக்கிறது என்று தெரிந்தது.

"ரெண்டு கையும் ஹேண்டில்ல இருந்திருந்தா," என்றாள், "வண்டி நின்னிருக்குமா தம்பி?"

அவன் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"சுடுகாட்டு வேன் வந்துடுச்சு அண்ணி" என்றான் கடைசியில்.

நான்கு பேர் தூக்கினார்கள். முதுகு பிளந்த சட்டை விலகிவிடாமல் அவள் இரண்டு பக்கமும் செருகிவிட்டாள். வேனுக்குள் ஒரு பக்கம் அவனைக் கிடத்தி, மறுபக்கம் நீள பெஞ்சில் அவளும் கொழுந்தனும் உட்கார்ந்தார்கள். சர்வீஸ் கடைக்காரர்கள் பின்னால் வந்தார்கள். எதிர்வீட்டம்மா இப்போது தானே அழுதுகொண்டிருந்தாள்.

கடைத்தெரு, பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம். அவள் தைத்த சீருடைகள் வாசலில் கூட்டமாக நின்று வேனைப் பார்த்தன. பாலத்தில் ஏறி இறங்குகிற இடத்தில் ஒரு ஆட்டோ குறுக்கே புகுந்தது. டிரைவர் திட்டிக்கொண்டே பிரேக்கை மிதித்தார்.

பெஞ்ச் சறுக்கியது. கொழுந்தன் மேல்கம்பியைப் பிடித்தான். பிடித்துக்கொள்ள அவள் பக்கத்திலும் கம்பி இருந்தது.

அவளுடைய இடது கை குறுக்கே போய், கிடத்தியிருந்த புருஷனின் தொடையை அழுத்திப் பிடித்திருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா, போகலாம்" என்றார் டிரைவர் முன்னாலிருந்து. வேன் மறுபடி நகர்ந்து சீரான வேகத்துக்கு வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.