தோளுக்கு நேரே மிதவை

பல் மருத்துவர் பாய்மரப் படகு வாங்கியதிலிருந்து அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. உப்பு ஜாடி பந்தயத்தில் சுற்றிவர வேண்டிய மிதவையாகும், கரண்டி படகாகும், தண்ணீர்க் கூஜா இருக்கும் பக்கத்திலிருந்து காற்று அடிக்கும். எதிர்காற்றில் படகு நேராகப் போகாது. இடமும் வலமுமாக மாறி மாறித்தான் ஏற வேண்டும். அப்படி ஏறும்போது மிதவைக்குப் போய்ச் சேரும் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று உண்டு. லேலைன் என்பார், ஏதோ பாட்டன் சொத்தைச் சொல்வதுபோல. அதைத் தொட்டதும் திருப்பினால் ஒரே ஓட்டத்தில் மிதவை. முன்னதாகத் திருப்பினால் எட்டாது. தாண்டித் திருப்பினால் வீண் அலைச்சல்.

விளக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. போன இரண்டு பந்தயத்திலும் ஏழு படகில் ஏழாவதாக வந்தார். ஒருமுறை எட்டவில்லை, மறுமுறை அலைச்சல்.

மனைவி தையல்காரி, படகில் கயிறு பிடிப்பவள். சுக்கான் பிடிக்க அவளுக்குக் கொள்ளை ஆசை. இந்தமுறையும் கடைசி என்றால் சுக்கான் அவளுக்கு என்று படகுத்துறையில் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார்.

பந்தயத்தில் அவள் ஒன்றைக் கவனித்தாள். திரும்பும் ஒவ்வொரு முறையும் படகு துணியின் மூலைபோலச் சரியாகக் கால் வட்டம் திரும்பியது. அப்படியானால் மிதவை தன் தோளுக்கு நேரே வரும்போது திருப்ப வேண்டியதுதானே?

வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் சுக்கான் கைக்கு வந்துவிடும். மூடித்தான் பார்த்தாள். ஆனால் ஒரு சாண் துணி வீணானாலே அன்றைக்குச் சோறு இறங்காதவள்.

“இப்பவே திருப்புங்க.”

பல் மருத்துவர் சிரித்தார். வாயைப் பிளந்து கிடப்பவர்களிடமே பேசிப் பழகியவர். எதிர்ப்பேச்சு அவருக்குப் புதிது. “இது கண்ணால பாக்கற விஷயமில்லம்மா, கணக்கு,” என்று தொடங்கி, காற்றின் கோணம், நீரோட்டம், படகின் வேகம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். விளக்கி முடித்தபோது மிதவை முதுகுக்குப் பின்னால் கிடந்தது. மற்ற ஆறு படகும் அதைச் சுற்றிவிட்டுப் போயிருந்தன.

ஏழாவதாக எல்லையைத் தாண்டியதும் சுக்கான் கைமாறியது. மனிதர் சொன்ன சொல் தவறவில்லை, அதுவரை சரி. ஆனால் கயிற்றருகே உட்கார்ந்த மறுநிமிடமே, “முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்க, இந்தக் கோடு இருக்கே...” என்று ஆரம்பித்தார்.

“அப்புறம் சொல்லுங்க,” என்று கைக்கொரு கயிறாக அவருடைய இரண்டு கையையும் நிரப்பிய அவள், மூன்றாவதன் நுனியை நீட்டினாள். “இதைக் கொஞ்சம் பல்லால புடிச்சுக்கோங்க.”

பிடித்துக்கொண்டார். படகு எதிர்காற்றில் துறையை நோக்கி ஏறியது. துறைக் கம்பம் தோளுக்கு நேரே வந்ததும் திருப்பினாள். அதற்கும் ஏதோ விளக்கம் இருந்திருக்க வேண்டும். “ம்ம், ம்ம்,” என்றார்.

“வலிச்சா கையைத் தூக்குங்க,” என்றாள் அவள், கரையிலிருந்து பார்வையை எடுக்காமல்.