டார்ன்லி ஊற்றிய முதல் சொட்டு

செயின்ட் ஜோசப் மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ரம் ஆலையில், எந்தப் பீப்பாயைத் திறக்கலாம், எதை எதோடு சேர்க்கலாம் என்று முடிவு செய்வது என் மூக்கு. பார்படோஸில் ரம்மைத் தொடாதவர்கள்கூட அந்த மூக்கைப் பற்றிப் பேசுவார்கள். மார்வா கிட்டன்ஸ் சரி என்றால் சரி. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

அன்று காலை வெறும் வயிற்றோடு இருபது வருஷம் ரம் ஊறிய ஒரு பீப்பாயின் முன்னால் உட்கார்ந்தேன். ருசி பார்க்கிற நாளில் நான் வாசனை சோப்பு போடுவதில்லை, மிளகாய்ச் சாஸ் பக்கமே போவதில்லை. கோப்பையில் நிறம் அருமையாக இருந்தது. நிறம் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றும். வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர்ந்தேன். முதலில் உலர்ந்த திராட்சை வந்தது, பிறகு புகையிலை, அப்புறம் வெறும் மரம். ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்தினேன். பழைய அலமாரியை நக்கியது மாதிரி இருந்தது. சில சொட்டு தண்ணீர் விட்டுப் பார்த்தேன். நல்ல ரம் தண்ணீர் பட்டால் மலரும். இது இன்னும் கசந்தது.

எங்கள் வெயிலில் பீப்பாய்க்குள் ரம் சும்மா கிடப்பதில்லை, மரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் பக்குவம் வந்தபோதே எடுத்துவிடச் சொன்னேன். மேலாளர் டார்ன்லி ஆலின் கேட்கவில்லை. லேபிளில் இருபது என்று போட வேண்டும் என்பது அவன் ஆசை.

டார்ன்லியும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவன் அப்பா இதே ஆலையில் ஆயுள் முழுக்க ரம் வடித்தவர். சர்க்கரை நோயில் முதலில் ஒரு காலை இழந்தார், பிறகு போயே சேர்ந்துவிட்டார். அவர் வடித்த சரக்குதான் இந்தப் பீப்பாய்க்குள் இருந்தது. அதனாலேயே எனக்கு வயிற்றெரிச்சல் கூடுதல். இதைத் தனியாக பாட்டிலில் அடைக்காதே, இளசான ரம்மில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் அதற்கு ஒரு கம்பீரம் கொடுக்கும் என்று டார்ன்லியிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"கொஞ்சம் சர்க்கரைப் பாகு விட்டா கசப்பு தெரியாதுடி. வெளியில எத்தனை பேர் செய்யறாங்க."

"செய்யறவங்க செய்யட்டும். இனிப்பு வேணும்னா கேக் வாங்கித் தின்னச் சொல்லு. நம்ம பீப்பாயில பாகு போகாது."

பேச்சு அதோடு முடிந்தது என்று நம்பினேன் பாருங்கள், அதுதான் என் முட்டாள்தனம்.

அந்த இருபது வயது ரம்மின் அறிமுக விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு என் மேஜை மேல் ஒரு பாட்டில் இருந்தது. லேபிளில் தங்க எழுத்தில் 'மார்வா கிட்டன்ஸ் சுவைத்துத் தேர்ந்தது' என்று போட்டிருந்தார்கள். திறந்து ஒரு வாய் குடித்தேன். இனித்தது. உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு, காயும்வரை இரண்டு கையையும் தேய்த்தேன். சுத்தமான ரம் என்றால் கையில் மணம் மட்டும் மிஞ்சும். என் கை பிசுபிசுவென்று ஒட்டியது. அந்தக் கையோடு நேராக அவன் அறைக்குப் போய், என் பெயரை எடு என்றேன். அச்சடித்தாகிவிட்டது, பாட்டிலிலும் ஒட்டியாகிவிட்டது என்றான்.

"பிடிக்கலன்னா கிளம்பு மார்வா. மூக்கு எல்லாருக்கும்தான் இருக்கு."

"நான் ஏன் கிளம்பணும்? பொய் சொல்றவன் கிளம்பட்டும்."

விழாவில் ரம்மைப் பற்றிப் பேசுவது எப்போதும் நான்தான். மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இந்த ஒரு பாட்டிலில் என் பெயர் பொய் சொன்னால், இனி நான் எதை நல்லது என்று சொன்னாலும் எவன் நம்புவான்? வேலை போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். அந்த நம்பிக்கை போய்விட்டால் இந்த மூக்கை வைத்துக்கொண்டு சளி சிந்தத்தான் முடியும்.

டார்ன்லி லேசுப்பட்டவனா? நிகழ்ச்சி நிரலிலிருந்து என் பேச்சையே எடுத்துவிட்டான்.

ஆலை முற்றத்தில் மகோகனி மரத்தடியில் விழா. லண்டனிலிருந்து சரக்கு வாங்க வந்த பெண்மணி முன்வரிசையில் இருந்தார். பின்வரிசையில் எங்கள் ஊர் ரம் கடைக்காரர் ஆஸ்பர்ட் தன் கூட்டத்தோடு மீன் உருண்டைகளை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். கையில் ஒரு பை, அதற்குள் நான் கலந்த பன்னிரண்டு வயது ரம்.

டார்ன்லி முதல் பாட்டிலைத் திறந்தான். திறந்தவன், யோசிக்காமல் ஒரு மூடி அளவு தரையில் ஊற்றினான். முதல் சொட்டு செத்தவர்களுக்கு என்பது எங்கள் ஊர் வழக்கம். கோட்டு சூட்டு போட்டாலும் கை மறக்குமா? "அப்பாவுக்கு" என்று மெல்லச் சொன்னான். அது வேஷம் இல்லை, அவன் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

பிறகு அமைச்சர் பேச எழுந்தார். பார்படோஸ் பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்தார். வெயில் ஏற ஏற, சுண்ணாம்புக்கல் தரையில் ஊற்றியது காய்ந்து ஒரு கறையாக நின்றது. அமைச்சர் கரும்பு வந்த கதைக்கு வருவதற்குள் மரத்தடியிலிருந்து எறும்புகள் கிளம்பிவிட்டன. அவர் நன்றி சொல்லி உட்கார்ந்தபோது கறை முழுக்க எறும்பு, மரம்வரை ஒரே சாரை. முதலில் பார்த்தது ஆஸ்பர்ட்தான்.

"டார்ன்லி தம்பி, உங்கப்பாவுக்குத் துணைக்கு ஆள் வந்திருக்கு, கீழ பாரு."

பின்வரிசை கொல்லென்று சிரித்தது. சிரித்தவர்கள் சட்டென்று அடங்கவும் செய்தார்கள். ரம் சிந்தாத தரை எங்கள் ஊரில் கிடையாது, ரம்முக்கு எறும்பு வந்து யாரும் பார்த்ததில்லை. லண்டன் பெண்மணி என்ன விஷயம் என்று என்னைக் கேட்டார். டார்ன்லி மைக்கைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்கு மைக் எதற்கு?

"இதுல பாகு கலந்திருக்கு. நான் வேண்டாம்னு சொன்ன சரக்கு. லேபிள்ல இருக்கற என் பேரு பொய்" என்று முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

மேஜையில் அடுக்கி வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றை எடுத்து, என் பெயரை நகத்தால் சுரண்டினேன். அடுத்ததை எடுத்தேன். பெண்மணி தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். டார்ன்லி என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, நாளையிலிருந்து உனக்கு இங்கே வேலை இல்லை என்றான்.

"சரி, வேண்டாம். மூக்கு என் மூஞ்சியிலதான் இருக்கு, அதை நீ பிடுங்க முடியாது. என்னை ஏமாத்துனது இருக்கட்டும். சர்க்கரையில கால் போன மனுஷன், உன்னைப் பெத்தவரு. அவர் வடிச்ச ரம்லயே பாகைக் கலந்து அவருக்கே ஊத்துனியேடா."

அவன் மைக்கை மேஜையில் வைத்தான். கீழே எறும்புகளைப் பார்த்தான்.

நான் என் பாட்டிலை வெளியே எடுத்து, எறும்பில்லாத இடமாகப் பார்த்து ஒரு மூடி ஊற்றினேன். ஐயா, இதைக் குடிங்க என்று டார்ன்லியின் அப்பாவிடம் சொன்னேன். ஆஸ்பர்ட் தொப்பியைக் கழற்றினார். சாரையிலிருந்து பிரிந்து வந்த ஒரு எறும்பு, ஈரத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

டார்ன்லி கையை நீட்டினான். தானும் ஒரு மூடி அப்பாவுக்கு ஊற்ற வேண்டும், பாட்டிலைக் கொடு என்றான். குரல் கம்மியிருந்தது. ஆனாலும் பாட்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"முதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வா" என்றேன்.