அடுப்படியில் நாட்டின் நடுப்புள்ளி

மக்கள்தொகைத் துறையிலிருந்து வந்தவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கையில் ஏந்தியிருந்த கருவியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே உள்ளே நுழைந்தார். கூடத்தைக் கடந்தார். தையல் மெஷினைச் சுற்றிக்கொண்டு போனார். அடுப்படியில் அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவில் போய் நின்று, "இங்கதான்" என்றார்.

தையல்காரி பாதி தைத்த பள்ளிச் சீருடையைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே வந்திருந்தாள். குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"என்ன இங்கதான்?"

"நடுப்புள்ளிம்மா. நாட்டுல இருக்கிற எல்லாரும் ஒரே எடைன்னு வெச்சுக்குங்க. அவங்கவங்க அவங்கவங்க வீட்டுலயே இருக்காங்க. இப்போ நாட்டை ஒரு தட்டு மாதிரி ஒத்தை விரல்ல தூக்கி நிறுத்தணும். விரலை எங்க வெக்கறது? இங்க வெக்கணும்."

அவள் தரையைப் பார்த்தாள். காலையில் சிந்திய எண்ணெய் இன்னும் துடைக்காமல் இருந்தது.

"அப்போ நான் எங்க நின்னு சமைக்கிறது?"

"அதைப் பத்தி விதியில ஒண்ணும் சொல்லலைம்மா" என்றார் அவர், வருத்தத்தோடு.

அந்த நாடு ஒல்லியான நாடு. ஒரு பக்கம் முழுக்கக் கடல், மறு பக்கம் முழுக்க மலை. வருடத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் மழை வரும் போலிருக்கிற புழுக்கம். மலையில் இருப்பவர்களுக்குக் கீழே இறங்க ஆசை. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் நாலு பேர் வந்து நெரிசல் ஆனாலும் அங்கேயே இருக்க ஆசை. இரண்டுக்கும் நடுவிலிருந்த இந்த ஊரைக் கடந்து போகிறவர்கள்தான் உண்டே தவிர, தேடி வருகிறவர்கள் கிடையாது. பஸ்கூட இங்கே முழுசாக நிற்காது. மெதுவாகப் போகும், ஏறிக்கொள்ள வேண்டும்.

மறு வாரம் நான்கு பேர் வந்து அடுப்படித் தரையை உடைத்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்லை நட்டு, அதன் தலையில் பித்தளைத் தகடு பதித்துவிட்டுப் போனார்கள். தையல்காரி அன்று மாலைக்குள் அதில் இரண்டு முறை இடித்துக்கொண்டாள்.

அவள் கணவர் நகராட்சியில் வால்வுக்காரர். தெருத்தெருவாகப் போய் நீளமான இரும்புச் சாவியைத் திருகித் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. பாதி ஊர் அவரால்தான் குளித்தது. ஆனால் தண்ணீர் வந்த நாளில் அவரை யாரும் நினைத்ததில்லை. வராத நாளில் மட்டும் பேர் சொல்லாமல் திட்டினார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர் கல்லைப் பார்த்தார். குனிந்து தகட்டைச் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை பேரும் நம்மளைச் சுத்தித்தான் இருக்காங்க" என்றார்.

"சுத்தி இருக்கட்டும். நீங்க கொஞ்சம் நகருங்க, பாத்திரம் எடுக்கணும்."

அதன் பிறகு பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். வால்வுக்காரர் ஒரு பழைய குடைக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கம் சொன்னார். வலது கையை நீட்டி, "இந்தப் பக்கம் கடல், மீனு, துறைமுகம், ஏகப்பட்ட ஜனம்" என்பார். இடது கையை நீட்டி, "இந்தப் பக்கம் மலை, மூடுபனி, ஜனம் கம்மி. ஆனா தூரத்துல இருக்கறதால இழுப்பு ஜாஸ்தி" என்பார். எங்கிருந்து கற்றாரோ, நன்றாகவே பேசினார். ஒருமுறை ஒரு டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்து, அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்த தையல்காரியிடம், "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நாடு மறைக்குது" என்றார். அவள் தள்ளி நின்றாள். அடியில் பிடித்துவிட்டது.

கடலோரத்தில் புதுத் துறைமுகம் திறந்ததும் நிலைமை மாறியது. மலையிலிருந்து லாரி லாரியாக ஜனங்கள் இறங்கினார்கள். கட்டில், சைக்கிள், கோழிக்கூடு எல்லாம் அந்த ஊர் வழியாகத்தான் போயின. வால்வுக்காரர் வாசலில் நின்று, தன் வீட்டு நகையை யாரோ எடுத்துக்கொண்டு போவதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

துறை ஆள் மீண்டும் கருவியோடு வந்தார். இதற்குள் தெருவில் எல்லோரும் அவரைப் புள்ளிக்காரர் என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். புள்ளி கடல் பக்கம் நகர்ந்துவிட்டது என்று கல்லைப் பெயர்த்துச் சுவரோரமாக நட்டார். அடுத்த முறை வந்தபோது சுவருக்குள்ளேயே நட வேண்டியிருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரின் கிளினிக். கல் வைக்கச் செங்கல்லை எடுத்ததில் ஓட்டை விழுந்து, நாற்காலியில் வாய் பிளந்து கிடப்பவர்களுக்கு எதிரே தையல்காரியின் அடுப்பு தெரிந்தது. வாயில் பஞ்சு வைத்த ஒருவர் ஒரு நாள் அந்த ஓட்டை வழியாக எதையோ சொல்ல முயன்றார். கடைசியில் டாக்டர்தான் எட்டிப் பார்த்து மொழிபெயர்த்தார்: "அடுப்பு எரியுதாம், பால் பொங்குதாம்."

அந்த வருடக் கடைசியில் புள்ளி சுவரைத் தாண்டி டாக்டரின் நாற்காலிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனாலும் மறுநாளே வாசலில் பலகை மாட்டிவிட்டார்: 'நாட்டின் நடுமையத்தில் வலியின்றிப் பல் எடுக்கப்படும்.'

வால்வுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தையல்காரி ஓட்டையை அடைத்துப் பூசச் சொன்னாள். அவர் மாட்டேன் என்றார். புள்ளிக்காரர் தெருவில் கண்ணில் பட்டதும் அவரை மறித்துக் கேட்டார்.

"சார், அதைத் திருப்பிக் கொண்டுவர வழி இருக்கா?"

"மலைப் பக்கம் ஆள் கூடணும்."

"ஒரு ஆள் போனா எவ்வளவு நகரும்?"

புள்ளிக்காரர் வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "மலை உச்சிக்கே போனா, ஒரு விரல் அகலம் நகரலாம். சின்ன விரல்."

அதுதான் வினையாகிவிட்டது. இல்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். ஒரு விரல் என்று சொன்னதும் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். மலைக் காற்று மூச்சிரைப்புக்கு நல்லது என்று தன் அக்காவிடம் சொன்னார். அக்காவுக்கு மூச்சிரைப்பே கிடையாது. மைத்துனனிடம், "அங்க போனா ராஜா மாதிரி இருக்கலாம் மாப்ள" என்றார். "அப்போ நீங்க போங்க மச்சான்" என்று அவன் போனை வைத்துவிட்டான்.

அவர்களுடைய மகள் துறைமுக ஊரில் இருந்தாள். மருமகன் அங்கே கிரேன் ஓட்டினார். அவள் கர்ப்பமாக இருந்தாள். ஒரு நாள் போன் செய்து, "அப்பா, ஸ்கேன்ல ரெட்டைன்னு சொல்றாங்க" என்றாள்.

வால்வுக்காரர் சுவர் ஓட்டையைப் பார்த்தார்.

"ரெண்டும் அங்கேயேவா?" என்றார்.

"பின்ன ஒண்ணை இங்கயும் ஒண்ணை அங்கயுமா பெத்துக்க முடியும்?"

"இல்லம்மா, மலையில நல்ல ஆஸ்பத்திரி இருக்காம்..."

மகள் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அப்பாவோடு பேசவில்லை.

அடுத்த மாதமே வால்வுக்காரர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். மலை உச்சியில் இருந்த பம்ப் ஹவுஸுக்கு யாருமே கேட்டு வந்ததில்லை என்பதால் அதிகாரிகள் இரண்டு முறை காரணம் விசாரித்தார்கள். தையல்காரி அவருடைய பெட்டியில் கம்பளிப் போர்வையை மடித்து வைத்தாள்.

"புள்ளைங்க பொறக்கப் போகுது. நீங்க எங்க போறீங்கன்னு யோசிச்சீங்களா?"

"நான் போறதே அதுக்குத்தான். நாளைக்கு அதுங்க வளர்ந்து வந்து, தாத்தா வீட்டுலதான் நாடு நின்னுச்சுன்னு பார்க்க வேண்டாமா?"

"அதுங்க தாத்தாவைப் பார்க்க வேண்டாமா?"

அவர் பெட்டியைப் பூட்டினார். பஸ் மெதுவாக வந்தபோது ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

குழந்தைகள் பிறந்த செய்தி வந்ததும் தையல்காரி மெஷினைத் துணியில் சுற்றிக் கட்டி, வீட்டைப் பூட்டி, சாவியைப் பல் டாக்டரிடம் கொடுத்துவிட்டுக் கடலோரத்துக்குப் போனாள். மகள் குடியிருந்தது மாடி மேல் மாடி. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கே தொட்டில் ஆடும். கப்பல் ஹாரன் அடித்தால் இரண்டு குழந்தைகளும் ஒன்றாக அழும். தையல்காரிக்குத் தூக்கமே இல்லை. ஆனால் எதிலும் இடித்துக்கொள்ளாமல் அடுப்படிக்குள் நடக்க முடிந்தது. மூன்று மாடிக்காரர்கள் அதற்குள்ளேயே அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தார்கள்.

மலையிலிருந்து போன் வந்தது.

"டாக்டர் சொன்னார். நீ அங்கேயே தங்கிட்டியாமே."

"ஆமா."

"நான் இங்கிருந்து இழுக்கிறேன். நீ அங்கிருந்து இழுக்கிறே. எப்படிங்க நகரும்?" கோபம் வந்தால் மனைவியை 'ங்க' போட்டுப் பேசுவது அவர் வழக்கம்.

"நான் எதையும் இழுக்கலை. புள்ளைங்களைக் குளிப்பாட்டறேன்."

பின்னால் ஒரு குழந்தை அழ, அதைக் கேட்டு மற்றதும் தொடங்கியது. அவர் போனை வைக்கவில்லை. அழுகை அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"முதல்ல அழுதது எது?" என்றார்.

"பொண்ணு. பையன் துணைக்கு அழுவான்."

பம்ப் ஹவுஸில் பேச ஆள் இல்லை. ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வரும், மூடினால் வெளியே போகாது. மீட்டர் முள் எதிரில் உட்கார்ந்துகொண்டு, தன் எடையால் நாடு ஒரு விரல் அகலம் சாய்ந்திருப்பதை அவர் நினைத்துப் பார்த்தார். முதலில் பெருமையாக இருந்தது. பிறகு குளிராக இருந்தது. தினமும் போன் செய்தார். புள்ளியைப் பற்றிக் கேட்பதைக் குறைத்தார். பெண்ணுக்குப் பல் முளைத்ததா என்று கேட்டார். முளைக்கிற வயது இல்லை என்றாள் தையல்காரி.

ஒரு நாள் காலையில் அவர் கம்பளிப் போர்வையோடு மகள் வீட்டு வாசலில் நின்றார். அந்தப் புழுக்கத்தில் போர்வையைப் பார்த்து மருமகனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மகள் ஒரு குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு நாள் லீவு" என்றார் அவர், யாரும் கேட்காமலேயே.

இரண்டு நாள் இரண்டு வாரமானது. மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறாத கோளாறை அவர் கண்டுபிடித்துச் சரிசெய்தார். கட்டடம் முழுக்க அவரை விசாரித்துக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கும் பெண் கதவைத் தட்டினாள். வேர்வையில் நனைந்து, மேல் மாடிவரை ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தையல்காரி தண்ணீர் கொடுத்தாள். பெண் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து வால்வுக்காரரிடம் நின்றாள்.

"சார், நீங்க இங்க குடியிருக்கீங்களா, இல்ல வந்துட்டுப் போறவங்களா?"

வீட்டில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தோளில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். சட்டை முன்பக்கம் ஈரமாக இருந்தது.

"வந்துட்டுப் போறவர்னா எங்க சேர்ப்பீங்க?"

"உங்க ஊர்லயே சேர்த்துடுவாங்க. மலைன்னா மலையில."

அவர் மலைப் பக்கம் திரும்பி யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். பையன் தூக்கத்திலேயே அவர் காதைப் பிடித்து இழுத்தான். சின்ன விரல்கள்தான், ஆனாலும் தலை சாய்ந்துவிட்டது.

"இங்கயே எழுதிக்கம்மா" என்றார்.

"நிச்சயமா எழுதட்டுமா சார்? அப்புறம் மாத்த முடியாது."

"எழுது, எழுது" என்றாள் தையல்காரி உள்ளேயிருந்து. "அவர் மறுபடி யோசிக்கறதுக்குள்ள எழுதும்மா."